மூன்று பூட்டு போட்ட மதகு

வந்து உட்காருங்கள். பெரியவர்களும் கேட்கலாம், சிறியவர்களும் கேட்கலாம்.

நாட்டைச் சிறு சிறு அரசர்கள் ஆண்ட காலம் அது. வெண்ணாவல் என்றொரு சின்னப் பட்டணம் இருந்தது. அரசர் இருந்ததோ வெகு தொலைவில். ஆகவே ஊர்க் காரியங்களை ஊரே பார்த்துக்கொண்டது.

வெண்ணாவலில் தெருக்கள் மூன்று. மேலத் தெருவில் உழவர்கள், நடுத் தெருவில் வணிகர்கள், கீழத் தெருவில் நெசவாளர்கள். தெருவுக்கு ஒருவராக மூன்று பேர் சபையில் இருந்தார்கள். உழவர் கூத்தன், வணிகர் சாத்தையா, நெசவாளர் ஆரூரன். ஏரி, ஏரிக்கரைப் பனைகள், பாதைகள், ஊர் மண்டபம் எல்லாம் பொதுச்சொத்து. எல்லாவற்றுக்கும் சபையே பொறுப்பு.

ஏரி மதகைத் திறப்பதும் மூடுவதும் கொற்றி என்ற பெண்ணின் வேலை. கணவன் இறந்த பிறகு அந்த வேலை அவளுக்கு வந்தது. பன்னிரண்டு வருஷமாகப் பார்த்து வந்தாள். கரையின் கோடியில் அவள் குடிசை. காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் கரையை ஒரு நடை நடந்துவிட்டு வருவாள்.

ஒரு வருஷம் ஆனி மாதத்தில் ஏரித் தண்ணீர் வழக்கத்தைவிட ஒரு முழம் இறங்கியது.

மண்டபத்தில் சபை கூடியது.

“தண்ணீருக்குக் கால் முளைத்துவிட்டதா, தானாக நடந்து போக?” என்றார் சாத்தையா. “யாரோ மதகைத் திறக்கிறார்கள்.”

“திறக்கத் தெரிந்தவள் ஒருத்திதான்” என்றார் ஆரூரன்.

கொற்றியை அழைத்தார்கள். அவள் வந்து ஓரமாக நின்றாள்.

“ஐயா, மதகில் குறை இல்லை. கரையில்தான் குறை. கீழத் தெருவுக்கு மேலே, தாழம்புதர் பக்கம், கரையின் வெளிப்புறம் ஈரமாக இருக்கிறது. நண்டு வளையோ எலி வளையோ தெரியவில்லை, தண்ணீர் கசிகிறது. தெளிவாகக் கசிந்தால் பரவாயில்லை. கலங்கி வருகிறது. கரை மண்ணும் கூடவே கரைந்து வருகிறது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தோண்டிக் களிமண் இட்டு இடித்து இறுக்க வேண்டும். ஒருமுறை வந்து பாருங்கள்.”

சொன்னது இவ்வளவுதான். ஆனால் மூன்று பேர் காதில் அது மூன்று விதமாக விழுந்தது.

‘நம் கண்ணை மதகிலிருந்து திருப்பப் பார்க்கிறாள்’ என்று நினைத்தார் சாத்தையா.

‘தோண்டுவதற்கு என் தெரு உழவர்களைத்தான் கூப்பிடுவார்கள். இவளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்’ என்று நினைத்தார் கூத்தன்.

ஆரூரன் நினைத்ததோடு நிற்கவில்லை. “எங்கள் தெருவின் தலைக்கு மேலே கரையை வெட்டச் சொல்கிறாயா? யார் பேச்சைக் கேட்டு ஆடுகிறாய்?” என்று கத்தினார். “உன் கூரையில் இவ்வளவு பெரிய பூசணிக்காய் கிடக்கிறதே, அது யார் கொடுத்தது?”

“கொடி போட்டேன், காய்த்தது ஐயா” என்றாள் கொற்றி.

யாரும் நம்பவில்லை. அன்றே அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். மறுநாள் அவள் கிணற்றடிக்குப் போனபோது மற்றப் பெண்கள் தங்கள் குடங்களைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். அவள் தண்ணீர் இறைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்துதான் அழுதாள்.

சபை மதகின் கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியது. சாவி கூத்தனிடம் இருந்தது.

தண்ணீர் இறங்கியது.

“உழவன் கையில் சாவியைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?” என்றார் சாத்தையா. இரண்டாவது பூட்டு வந்தது. அந்தச் சாவி சாத்தையாவிடம் இருந்தது.

அப்போதும் தண்ணீர் இறங்கியது.

“இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள்” என்றார் ஆரூரன். மூன்றாவது பூட்டு வந்தது. அந்தச் சாவியை ஆரூரன் தன் இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார்.

அதற்குப் பிறகும் தண்ணீர் இறங்கியது.

இப்போது ஊரே ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கியது. அரிவாள் தீட்டக் கொல்லன் பட்டறைக்குப் போனவனைக் கள்ளச்சாவி செய்யப் போனான் என்றார்கள். துணி துவைத்து வந்தவளின் சேலை ஈரத்தை உற்றுப் பார்த்தார்கள். மேலத் தெருவைக் கண்காணிக்க நடுத் தெரு ஆள் வைத்தது. அந்த ஆளைக் கண்காணிக்கக் கீழத் தெரு ஆள் வைத்தது. மதகைச் சுற்றி எப்போதும் ஒன்பது பேர் நின்றார்கள். ஒன்பது பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். கூப்பிடு தூரத்தில் இருந்த தாழம்புதர்ப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

ஆவணியில் நாற்றுக்குத் தண்ணீர் விடும் நாள் வந்தது. மூவரும் ஒன்றாகப் போய்த் திறக்க வேண்டும். ஒருவர் வந்தால் ஒருவர் வரவில்லை. வந்தவரும், “நீங்கள் முதலில் திறவுங்கள்” என்று நின்றார். நாற்று கருகியது. மற்ற இருவரால்தான் கருகியது என்று மூவரும் சொன்னார்கள்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது.

முதல் நாள் மழையில் ஏரி பாதி நிறைந்தது. இரண்டாம் நாள் மழையில் முக்கால் நிறைந்தது. மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் கரையின் உச்சிக்கு ஒரு முழம் கீழே நின்று அலையடித்தது. காவலுக்கு நின்ற ஒன்பது பேரும் மழைக்குப் பயந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

கொற்றி மட்டும் வழக்கப்படி கரையில் நடந்தாள். வேலை போனாலும் அவள் நடையை விடவில்லை. தாழம்புதர் அருகே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நூல்போல் கசிந்த தண்ணீர் இப்போது கைத்தடி கனத்துக்குப் பாய்ந்தது. செக்கச்செவேல் என்று சேறாகப் பாய்ந்தது.

மண்டபத்துக்கு ஓடினாள். மூவரும் அங்கே வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

“ஐயா, மதகைத் திறவுங்கள்! ஏரி கொஞ்சம் இறங்கினால் கரை பிழைக்கும். இல்லாவிட்டால் உச்சிப்பொழுதுக்குள் உடைந்துவிடும்!”

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“கூத்தன் முதலில் சாவியை வைக்கட்டும்” என்றார் சாத்தையா.

“ஆரூரன் வைத்தால் நான் வைக்கிறேன்” என்றார் கூத்தன்.

“சாத்தையா வைக்கட்டும், பிறகு பார்ப்போம்” என்றார் ஆரூரன். “திறக்கச் சொல்வது யார் என்று யோசித்தீர்களா? வேலை போன ஆத்திரத்தில் ஏரியைக் காலி செய்யப் பார்க்கிறாள்.”

கொற்றி அவர்களைப் பார்த்தாள். கெஞ்சினால் ஆகாது, கரையைப் பற்றிச் சொன்னாலும் ஆகாது என்று அவளுக்குப் புரிந்தது. இவர்கள் எதற்காக எழுந்து ஓடுவார்கள்? ஒரு கணம் யோசித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“சரி ஐயா, உண்மையைச் சொல்கிறேன். தண்ணீர்த் திருடனைக் கண்டுபிடித்துவிட்டேன். இப்போது கரையில்தான் இருக்கிறான். வந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம்.”

அவ்வளவுதான். மூவரும் துள்ளி எழுந்தார்கள். கூத்தன், ‘சாத்தையாவின் ஆள்தான்’ என்று ஓடினார். சாத்தையா, ‘ஆரூரனின் ஆள்தான்’ என்று ஓடினார். ஆரூரன் இருவரையும் முந்திக்கொண்டு ஓடினார். மழையில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்து மூன்று தெருக்காரர்களும் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

முன்னால் ஓடி வழிகாட்டிய கொற்றி தாழம்புதர் அருகே நின்றாள்.

“எங்கே திருடன்?” என்றார் ஆரூரன், மூச்சு வாங்க.

“இதோ” என்று கையைக் காட்டினாள்.

கரையின் வயிற்றில் ஒரு துளை. பானை வாய் அளவுக்குப் பெருத்திருந்தது. அதிலிருந்து ஏரி சிவப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டி மண் பெயர்ந்து விழுந்தது.

ஆரூரன் திரும்பிக் கீழே பார்த்தார். கரைக்கு நேர் கீழே அவர் தெரு. அவர் வீடு. வீட்டுக்குள் தறிகள், பேரக்குழந்தைகள்.

“கீழத் தெருவைக் காலி செய்யுங்கள்!” என்று கொற்றி கத்தினாள். “மேலத் தெருக்காரர்கள் மண் கொண்டு வாருங்கள்! நீங்கள் மூவரும் மதகுக்கு வாருங்கள்!”

மதகுக்கு ஓடினார்கள். கூத்தன் பூட்டைத் திறந்தார். சாத்தையா பூட்டைத் திறந்தார். ஆரூரன் சாவியை நுழைத்தார். திரும்பவில்லை. மாதக்கணக்கில் திறக்காத பூட்டு, மழையில் துருவேறிக் கிடந்தது. திருப்பத் திருப்பச் சாவி உள்ளேயே முறிந்தது.

ஆரூரன் ஒரு கல்லை எடுத்துத் தன் பூட்டைத் தானே அடித்தார். கூத்தன் கோடரி கொண்டு வந்தார். சாத்தையா சங்கிலியை இழுத்துப் பிடித்தார். மூவரும் மாறி மாறி அடித்துச் சங்கிலியை அறுத்தபோது நேரம் கடந்துவிட்டது. மதகு திறந்தது. தண்ணீர் ஓடைக்குப் பாய்ந்தது. ஆனால் அதே சமயம் தாழம்புதர்ப் பக்கம் பெரும் ஓசை கேட்டது.

மதகு திறந்ததால் கரை முழுவதும் போகவில்லை. பத்து முழம் மட்டும் போயிற்று. கீழத் தெருவில் பதினோரு வீடுகள் விழுந்தன. அவற்றில் ஆரூரன் வீடும் ஒன்று. எல்லோரும் வெளியேறிவிட்டதால் உயிர் எதுவும் போகவில்லை. தறிகள் எல்லாம் போயின.

மழை விட்ட ஐந்தாம் நாள் சபை கூடியது. மூவரும் எழுந்து நின்று கொற்றியை அழைத்தார்கள். “உன்னைச் சந்தேகப்பட்டோம். பொறுத்துக்கொள் அம்மா. மதகை மறுபடியும் நீயே பார்த்துக்கொள்” என்றார் ஆரூரன்.

ஊரே அவள் முகத்தைப் பார்த்தது.

“பார்த்துக்கொள்கிறேன் ஐயா. பூட்டு வேண்டுமானால் போடுங்கள், காவல் வேண்டுமானால் வையுங்கள். பொதுச்சொத்து, கேள்வி கேட்கத்தான் வேண்டும். என்னைச் சந்தேகப்பட்டதற்குக்கூட எனக்குக் கோபம் இல்லை. நான்கு மாதம் சந்தேகப்பட்டீர்கள். அந்த நான்கு மாதத்தில் ஒருநாள், ஒரே ஒரு நாள், நடந்து வந்து பார்க்கவில்லையே. அந்தக் கோபம் எனக்குப் போகாது.”

சொல்லிவிட்டு அவள் மண் சுமக்கப் போனாள். சற்று நேரம் கழித்து மூவரும் மேல்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, ஆளுக்கு ஒரு கூடையோடு அவள் பின்னால் போனார்கள்.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: பொதுச்சொத்தின் மேல் சந்தேகம் வந்தால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், பார்க்காமல் ஒருவரையொருவர் காவல் காக்கும் ஊர் தன் சொத்தைத் தானே அழித்துக்கொள்ளும்.