தன் குரலைக் கழித்தவர்

"டீச்சர், ஒரே இரைச்சல். தம்பி குரல் மட்டும் வரவே மாட்டேங்குது" என்றார் சூசைராயன்.

கரையோர வானொலி நிலையம் அவர் பொறுப்பு. பக்கத்து அறையில் ஒளியை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர் தேவசுந்தரி. வயதில் சின்னவர்தான். ஆனாலும் பாடம் கேட்க வந்துவிட்டால் சூசைராயன் அவர் முன்னால் உட்கார மாட்டார்.

காலையிலிருந்து தம்பி லூர்துவின் படகிலிருந்து ஒரு பேச்சும் இல்லை. காற்று வேறு ஏறிக்கொண்டே போகிறது.

"யார் போடுற இரைச்சல் அண்ணாச்சி?"

"யாரைச் சொல்ல? துறைமுகத்துக் கப்பல்காரன், ஊருக்குள்ள இருக்க டவர்காரன், எல்லாரும்தான். ஒருத்தனும் சும்மா கிடக்க மாட்டேங்கான்."

மனிதருக்குக் கோபம் எப்போதும் மூக்கு மேலேயே இருக்கும்.

"உங்க டிரான்ஸ்மிட்டரை ஒரு மூச்சு விடுற நேரம் நிறுத்துங்க."

"நிறுத்தினா?"

"நிறுத்துங்களேன்."

நிறுத்தினார். இரைச்சல் போய்விட்டது. ஸ்பீக்கரில் லேசாக 'உஸ்' என்றது, அவ்வளவுதான்.

அவசர அவசரமாக மறுபடி போட்டார். படகுகள் பாறை இடுக்கு வழியாகக் கரை திரும்பும் நேரம் அது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று, அவர் குரலைப் பதிந்துவைத்த ஒரு கருவி ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் எல்லோரும் சுக்கான் பிடிப்பார்கள்.

இரைச்சல் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

சூசைராயன் முகம் செத்துப்போயிற்று.

"அப்ப இத்தனையும் நானா?"

"நீங்கதான். பேசுற ஏரியலும் கேக்குற ஏரியலும் பக்கத்துப் பக்கத்துல நிக்குது. நீங்க காதுக்குள்ள நின்னு கத்துறீங்க. உங்க தம்பி கடல்ல நின்னு முணுமுணுக்காரு."

"அப்ப நான் வாயை மூடணும்."

"மூடினா மத்தப் படகெல்லாம்?"

சூசைராயன் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார்.

"பேசவும் வேணும், கேக்கவும் வேணும். ஒரே நேரத்துல ரெண்டும் எப்படி டீச்சர் நடக்கும்?"

"கப்பல்காரன் அடுத்து என்ன பேசப்போறான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க என்ன பேசுறீங்கன்னு?"

"அதுகூடவா தெரியாது?"

"தெரிஞ்சதைக் கழிச்சிரலாமே."

தேவசுந்தரி ஒரு சுருள் கண்ணாடி இழையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க அனுப்புற சிக்னல்ல ஒரு பிரதி எடுங்க. அதை வெளிச்சத்துல ஏத்தி இதுக்குள்ள விடுங்க. அலையில மேடு இருக்க இடம் பள்ளமாகட்டும், பள்ளம் இருக்க இடம் மேடாகட்டும். அப்படிப் புரட்டிப் போட்டுட்டு, கேக்குற வாசல்ல ரெண்டையும் சந்திக்க விடுங்க."

"கம்பியில விட்டா ஆகாதா?"

"கம்பியில போனா வழியிலேயே உருக்குலைஞ்சிடும். வெளிச்சத்துல அச்சு அசலா வந்து சேரும்."

அவர் சொன்னபடியே இணைத்தார் சூசைராயன். ஸ்பீக்கரில் இரைச்சல் முன்னைவிட அதிகமாயிற்று.

"பிரதிக்கு எவ்வளவு பலம் கொடுத்தீங்க?"

"நல்லாவே கொடுத்தேன். அடிக்கிற அடியில செத்துத் தொலையட்டும்னுதான்."

தேவசுந்தரி சிரித்துவிட்டார்.

"அது அப்பவே செத்துட்டு அண்ணாச்சி. இப்பக் கேக்குறது நீங்க அடிச்ச அடி."

"அப்ப எவ்வளவுதான் கொடுக்க?"

"உங்க குரல் எவ்வளவு உள்ள வருதோ, அவ்வளவு. முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது."

சூசைராயன் பலத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழைத் தொட்டார்.

"அவனுக்கு நல்லா நீந்தத் தெரியும் டீச்சர். ஆனா இந்தக் காத்துல… எனக்குப் பயமா இருக்கு."

தேவசுந்தரி அவர் கைமேல் தன் கையை வைத்தார். கொஞ்சம் குறைத்தார்கள். பிரதி முந்தாமலிருக்க இழையில் ஒரு துண்டைக் கூட்டி, பலத்தை மறுபடி குறைத்தார்கள்.

இரைச்சல் மெலிந்தது. இன்னும் மெலிந்தது. பிறகு காணவே இல்லை.

டிரான்ஸ்மிட்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. காற்றின் திசையைச் சொல்லும் அவர் குரல் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

"ஒண்ணுமே கேக்கலையே" என்றார் சூசைராயன்.

"பொறுங்க."

பொறுப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்.

ஸ்பீக்கருக்குள் எங்கோ தூரத்தில் ஒரு குரல்.

"அண்ணே… கேக்குதா? என்ஜின் நின்னுபோச்சு… அண்ணே…"

சூசைராயன் மைக்கைப் பாய்ந்து பிடித்தார்.

"எலே லூர்து! இவ்வளவு நேரம் ஏம்ல வாயைத் திறக்கல?"

"விடிஞ்சதுலேருந்து பேசிக்கிட்டேதானே இருக்கேன்."

திட்டுவதற்கு அவரிடம் இன்னும் நிறைய இருந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. அத்தனையையும் விழுங்கினார்.

"எங்க கிடக்க, சொல்லு. கேக்கேன்."