தாளம் போட்ட கை

ஒரு விடுகதை. நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிகிறோம், ஆனால் அதன் கனம் நமக்குத் தெரியாது. வேறொருவர் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். அது என்ன?

தெரியவில்லையா? பரவாயில்லை. தவில்காரர் செல்வகணபதிக்கும் தெரியவில்லை.

"தலையா?" என்றார்.

"கை," என்றாள் பிசியோதெரபி பார்க்கும் தில்ஷாத்.

"விடுகதை போடவா டாக்டரம்மா எங்களை ரெண்டு பஸ் மாறி வரச் சொன்னீங்க?"

தில்ஷாத் சிரிக்கவில்லை. காலையிலிருந்து அவள் பார்க்கும் பதினேழாவது கேஸ் இது. செல்வகணபதியும் களைத்துத்தான் இருந்தார். தொடர்ந்து ஐந்து நாள் கல்யாண முகூர்த்தம். உட்கார்ந்தால் கண் சொருகியது.

விஷயம் இதுதான். அவர் மகள் தமயந்திக்குப் பன்னிரண்டு வயது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழாவில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று முதன்முதலாகத் தவில் வாசிக்கப் போகிறாள். நோட்டீஸில் பேர் போட்டாகிவிட்டது. ஆனால் அவளுடைய வலது மணிக்கட்டு வலிக்கிறது. ஒரு மாதத்துக்கு முன்பு வாசித்தால் வலித்தது. இப்போது பேனா பிடித்தாலே வலிக்கிறது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் குடுங்க. அது போதும்."

"மூணு வாரம் முன்னாடி வந்தப்ப, கைக்கு ஓய்வு குடுக்கச் சொன்னேனே. குடுத்தீங்களா?"

"சத்தியமா குடுத்தேன். தவிலைத் தொடவே விடல. உறையைக்கூடக் கழட்டல."

"அப்ப பாப்பா என்ன பண்ணுச்சு?"

"பாடம் சொல்லுச்சு. வாயாலதான். தெனம் நாலு மணி நேரம்."

தில்ஷாத் தமயந்தியிடம் திரும்பினாள். "எனக்குக் கொஞ்சம் சொல்லிக் காட்டு கண்ணு."

தமயந்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தா தீ தொம் நம்..."

வலது கை தானாக எழுந்தது. தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். மறுபடி ஒரு தட்டு. கையைத் திருப்பி ஒரு வீச்சு. பாடம் ஓட ஓடத் தட்டும் பலமாக விழுந்தது.

தில்ஷாத் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வகணபதியும் பார்த்தார்.

"அது தாளம் டாக்டரம்மா. வாசிப்பு இல்ல."

"கைக்கு அது தெரியுமா ஐயா?"

மூன்று வாரமும் எதிரில் உட்கார்ந்து, "தாளம் தொங்குது, கெட்டியாப் போடு" என்று அதட்டியவர் செல்வகணபதிதான்.

"போதும் கண்ணு," என்றாள் தில்ஷாத்.

அவள் தமயந்தியின் முழங்கைக்குக் கீழே ஒரு கையும் மணிக்கட்டுக்குக் கீழே ஒரு கையும் கொடுத்தாள்.

"இந்தக் கையை என்கிட்ட விட்டுடு. நீ தூக்கவே வேணாம். நான் தாங்கிக்கிறேன். விட்டாச்சா?"

"விட்டாச்சுக்கா."

தில்ஷாத் தன் கைகளைச் சட்டென்று எடுத்தாள்.

தமயந்தியின் கை கீழே விழவில்லை. அந்தரத்திலேயே நின்றது.

"பாத்தீங்களா!" என்றார் செல்வகணபதி. "இம்மி அசையல. அஞ்சு வயசுலேர்ந்து பழக்கினது."

"விழணும் ஐயா. விழுந்தாத்தான் அது ஓய்வு," என்றாள் தில்ஷாத்.

"நான் விட்டுட்டேன்னுதான் நெனச்சேன்," என்றாள் தமயந்தி.

மறுபடி செய்தார்கள். மறுபடியும் கை நின்றது. மூன்றாவது தடவையும் நின்றபோது தமயந்திக்கு உதடு கோணியது.

"அட, கையைத் தொங்கப்போடறது ஒரு வித்தையா?" செல்வகணபதி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "அழாத. அப்பாவைப் பாரு. பிடிங்க டாக்டரம்மா."

தில்ஷாத் பிடித்துக்கொண்டாள்.

அவர் கண்ணை மூடினார். மின்விசிறி கடகடவென்று சுற்றியது. யாரோ தன் கையைத் தாங்கிக்கொண்டிருப்பது சுகமாக இருந்தது. அப்படியே தூங்கிவிடலாம் போலிருந்தது.

"விட்டாச்சு," என்றார்.

"சரி," என்றாள் தில்ஷாத்.

குரல் தூரத்திலிருந்து வந்தது. கண்ணைத் திறந்தார். தில்ஷாத் மேசையருகே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, உன் கையைப் பாரேன்!" தமயந்தி களுக்கென்று சிரித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அவருடைய வலது கை அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. கீழே யாரும் இல்லை.

"எவ்வளவு காலமா வலிக்குது?" என்றாள் தில்ஷாத்.

"பாப்பாவுக்கா?"

"உங்களுக்கு. டோக்கனை எடது கையால வாங்கினீங்க. கதவையும் எடது கையாலதான் தெறந்தீங்க."

செல்வகணபதி மகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"பதினாலு வருஷம்."

"எப்படி வாசிக்கிறீங்க?"

"மணிக்கட்டுல துணியை இறுக்கிச் சுத்திக்குவேன். ஆரம்பத்துல உயிர் போகும். அரை மணியில மரத்துடும். அப்பறம் ஒண்ணும் தெரியாது." மகளைக் காட்டி, "இதுக்கும் அப்படித்தான் சுத்தி விட்டேன்," என்றார்.

"நீ சொல்லவே இல்லையேப்பா," என்றாள் தமயந்தி.

"நீ மட்டும் மொதல்ல சொன்னியா?"

தில்ஷாத் போய்ப் பச்சைத் திரையை விலக்கினாள். பின்னால் இரண்டு கட்டில்கள். ஒன்று சன்னலோரம், ஒன்று சுவரோரம். இரண்டும் காலி.

"கண்ணு, இங்க பாரு. வைத்தியத்தை இன்னைக்கு ஆரம்பிச்சா ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் தவில் கெடையாது, தாளம் கெடையாது. ஞாயித்துக்கிழமையும் கெடையாது. யார் கட்டில்ல ஏறினாலும் இதுதான். வேணாம்னா நாலேகாலுக்கு பஸ் இருக்கு, கெளம்பிடலாம்."

"நான் ஏறினா அப்பாவும் ஏறணுமா?"

"அதை அவர்கிட்டக் கேளு."

தமயந்தி அப்பாவைப் பார்த்தாள். வழக்கமாக அவளுக்குப் பதிலாக அவர்தான் பேசுவார். இப்போதும் வாயைத் திறந்தார். நோட்டீஸ் என்று சொல்ல வந்தார். கோயில், சாமி, ஊர் என்ன சொல்லும் என்றெல்லாம் சொல்ல வந்தார். சொல்லத் தெம்பில்லை.

"நீ சொல்றபடி செய்யறேன்," என்றார். "ரெண்டு பேருக்கும் சேத்து நீயே சொல்லிடு."

தமயந்தி சன்னலோரக் கட்டிலில் ஏறிப் படுத்து, சுவரோரக் கட்டிலை அப்பாவுக்குக் காட்டினாள்.