நாற்காலியில் எண்ணெய்க் கறை

எழுத்தாளர் சொக்கவேல் வாழ்ந்த வீட்டை, அவர் போன பிறகு நினைவு இல்லம் ஆக்கியிருந்தார்கள். பொறுப்பாளர் மங்களேஸ்வரி டீச்சர். தபால் ஆபீஸில் ஓய்வு பெற்ற தணிகாசலம் அவரிடம் வேலை பழக வந்து சேர்ந்தார். டீச்சரைவிட மூத்தவர். இருந்தாலும் சீடன் என்றால் சீடன்தான். டீச்சர் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது.

அங்கே ஒரு தேக்கு நாற்காலி உண்டு. “இதுல உட்கார்ந்துதான் ஐயா அத்தனை கதையும் எழுதினாரு” என்று வருகிறவர்களிடம் கைகூப்பிச் சொல்வார் தணிகாசலம். விஜயதசமி அன்று பிள்ளைகளை அதில் உட்கார வைத்துத்தான் அரிசியில் முதல் எழுத்து எழுத வைப்பார்கள்.

தணிகாசலத்துக்கு ஒரே ஒரு குறை. நாற்காலியின் பக்கச் சட்டத்தில் ஒரு பழைய எண்ணெய்க் கறை. தினமும் தேய்ப்பார். போகவே போகாது.

இந்த வருஷம் அவருடைய பேத்தியே எழுத வருகிறாள். மூன்று வயது தாண்டியும் பேச்சு வராத பிள்ளை. ஐயா நாற்காலியில் உட்கார்ந்தால் வாய் திறந்துவிடுவாள் என்று மகள் கோமளாவை நம்ப வைத்து வரவழைத்திருந்தார்.

விஜயதசமிக்கு முதல் நாள் பரண் சுத்தம் செய்தார்கள். ஒரு தகரப் பெட்டி நிறையப் போட்டோக்கள். ஒன்றை எடுத்துப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“டீச்சர், இது நம்ம நாற்காலிதானே?”

“அதேதான்.”

“உட்கார்ந்திருக்கிறது ஐயா சம்சாரமில்ல?”

“ஆமா. அரிசியில கல் பொறுக்குறாங்க.”

“ஐயா கீழ உட்கார்ந்து எழுதுறாரே!”

“நாற்காலிச் சட்டத்துல சுகமா தலைய சாய்ச்சுக்கிட்டு எழுதுறாரு.”

“என்னைக்கோ ஒருநாள் அப்படி உட்கார்ந்திருப்பாரு.”

டீச்சர் மற்றப் படங்களையும் நீட்டினார். படத்துக்குப் படம் ஐயாவின் தலை நரைத்துக்கொண்டே போனது. அம்மா நாற்காலியில்தான். ஐயா தரையில்தான்.

“அப்போ நான் சொன்னதெல்லாம் பொய்யா? நாளைக்குப் பிள்ளைய எங்க உட்கார வைப்பேன்? விரதம் இருந்து வந்திருக்கா என் பொண்ணு. அவகிட்ட என்னன்னு சொல்ல?”

“வரட்டும் சார்.”

அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டுக்குக் கிளம்புமுன் வழக்கம்போலக் கும்பிட நாற்காலிப் பக்கம் திரும்பினார். தரையைப் பார்த்தார். கூப்பிய கையை எந்தப் பக்கம் காட்டுவதென்று தெரியாமல் அப்படியே இறக்கிக்கொண்டார்.

காலையில் கோமளா பிள்ளையோடு வந்தாள். தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பியிருந்தது.

“நாற்காலியில நீ உட்காரும்மா” என்றார் டீச்சர்.

“நானா? எனக்கு எழுதத் தெரியுமே டீச்சர்!”

“பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன்னியே. உட்காரு.”

கோமளா அப்பாவைப் பார்த்தாள். அப்பா டீச்சரைப் பார்த்தார். பிறகு கூச்சத்தோடு உட்கார்ந்தாள். எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை கோயில் என்று அலைந்த உடம்பு. உட்கார்ந்ததும் ஒரு பெருமூச்சு வந்தது.

பிள்ளையைத் தரையில் விட்டு, தாம்பாளத்தை முன்னால் வைத்தார் டீச்சர். அது அரிசியை அளைந்தது. அம்மா முழங்காலோரம் நகர்ந்து, நாற்காலிச் சட்டத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டது. ஒரு கோணல் கோடு இழுத்தது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தது.

“எழுதிட்டியா கண்ணு?” கோமளா குனிந்தாள்.

பிள்ளை ஒன்றும் பேசவில்லை. இன்னொரு கோடு இழுத்தது.

“டீச்சர், இவளுக்குப் பேச்சு வந்துருமா?” என்றார் தணிகாசலம்.

“எனக்குத் தெரியலையே சார்.”

“நாற்காலியா, தரையா? ஐயாவோட இடம் எது? அதையாவது சொல்லுங்க.”

பிள்ளை எழுந்து அம்மா மடியில் ஏறிக்கொண்டது. அது சாய்ந்திருந்த இடத்தில், பழைய கறையின் மேலேயே, தலை எண்ணெய் ஈரமாய் மின்னியது. பழக்க தோஷத்தில் தணிகாசலம் தோளில் கிடந்த துணியை எடுத்துக் குனிந்தார்.

டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடுங்க சார். இத்தனை நாளா நீங்க தேய்ச்ச தேய்ப்புக்கும் ஐயா எழுந்து போகலையே.”