துணிச்சுருளுக்குள் வெள்ளெலி

கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற பூதலிங்கம், மனைவி இறந்தபின் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியை ஷகிலா அவரைவிட இருபது வயது இளையவர். மாணவர் 'மேடம்' என்பார், ஆசிரியை 'சார்' என்பார். மரியாதைக்கு இரண்டு பக்கமும் குறைவில்லை.

ஷகிலாவின் ஆய்வுக்கூடத்தில் வெள்ளெலியின் இடது காதுக்குள் ஊசி போட்டு, உடம்பைச் சாயாமல் நிறுத்தும் உறுப்பைச் செயலிழக்க வைப்பார்கள். எலி தலை கோணி, சுற்றிச் சுற்றி விழும். பிறகு எப்படித் தேறுகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

மற்ற எலிகள் தேறிவிட்டன. பூதலிங்கம் கவனித்துக்கொண்ட எலி மட்டும் போட்ட இடத்திலேயே கிடந்தது. தேறாத எலியை வைத்திருக்க மாட்டார்கள், கொன்றுவிடுவார்கள். அதை நினைத்து மனிதர் துடித்துப்போனார். ஞாயிறு, தீபாவளி என்று பாராமல் கூண்டருகிலேயே இருந்தார். வீட்டுக்குப் போனால், "வந்துட்டீங்களா" என்று கேட்க ஆளில்லை.

"நான் என்ன குறை வெச்சேன் மேடம்?"

ஷகிலா கூண்டைப் பார்த்தார். மேலே கறுப்புத் துணி. உள்ளே எலிக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்த துணிச்சுருள். வாய்க்கு எட்டுகிற இடத்தில் ஊறவைத்த தீனி. பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ய மாட்டார்கள்.

"வெளிச்சம் பட்டா தலை சுத்தும்னு மூடி வெச்சேன். இதுவரைக்கும் ஒரு தடவைகூட விழலை."

"தெரியுது சார்."

ஷகிலா துணியை உருவினார். சுருள்களை எடுத்தார். தீனியைத் தூரத்து மூலைக்கு நகர்த்தினார்.

எலி எழுந்தது. பொத்தென்று விழுந்தது. பூதலிங்கத்தின் கை தானாக உள்ளே போயிற்று.

"பிடிக்காதீங்க. விழுந்து விழுந்துதான் அது தேறும்."

மறுபடியும் விழுந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வார வெள்ளிக்கிழமை, கோணிய தலையோடு, கூண்டுச் சுவரில் இடித்து இடித்து, எலி தீனிக்குப் போய்ச் சேர்ந்தது. இருவரும் அது தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"போன காது இனி வராதே மேடம்."

"வராது சார்."

ஷகிலா கையை நீட்டினார்.

"சாவியைக் கொடுங்க. இந்த ஞாயித்துக்கிழமை எலிகளை நான் பாத்துக்கறேன்."

பூதலிங்கம் சாவி வளையத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நான் எங்க போவேன் மேடம்?"

ஆசிரியை நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் வளையம் கைமாறியது. ஆய்வுக்கூடத்துச் சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு வளையத்தைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுச் சாவி ஒன்றுதான் அதில் மிச்சமிருந்தது.

"வீட்டைத் திறங்க சார். விழுந்தாலும் பரவாயில்லை."