பிழைகள் போன இடம்

சர்க்கரை ஆலை கம்ப்யூட்டர் அறையில் மேலாளர் தணிகாசலம் வைத்ததுதான் சட்டம். எந்த விவசாயி என்றைக்குக் கரும்பு வெட்டலாம் என்று பட்டியல் போடும் புரோகிராமை அவரே எழுதியிருந்தார். ஓட்டினால் பட்டியலுக்கு நடுவே பிழைச் செய்திகளும் கலந்து கொட்டும். "எல்லாம் நீ தப்பாத் தட்டுறதாலதான்!" என்று விவரங்களைத் தட்டச்சு செய்யும் ஒப்பந்த ஊழியர் பச்சையம்மா மேல் பாய்வார்.

சேர்மன் பார்வையிட வரும் நாள் வந்தது.

"திரையில ஒரு பிழையும் தெரியக் கூடாது. என் புரோகிராமுல ஒரு எழுத்தையும் தொடக் கூடாது. தெரிஞ்சுதோ, நாளைக்கு நீ வேலைக்கு வரவேணாம்!"

"சரிங்க சார்" என்றாள் பச்சையம்மா.

சேர்மன் வந்து உட்கார்ந்ததும் ஒரே ஒரு வரிக் கட்டளை அடித்தாள். பட்டியல் பளிச்சென்று வந்தது. பிழை ஒன்றுகூட இல்லை.

"என் புரோகிராமுல தப்பே வராதுங்க ஐயா" என்று தணிகாசலம் நெஞ்சை நிமிர்த்தினார்.

பக்கத்தில் இருந்த அவருடைய அறையில் பிரிண்டர் கறகறவென்று கத்த ஆரம்பித்தது. நிற்கவே இல்லை.

"அங்க என்ன ஓடுது?" என்றார் சேர்மன்.

"பிழைங்கதாங்க ஐயா. திரைக்கு வரக் கூடாதுன்னு சார் உத்தரவு. அதான் பட்டியலை இங்க விட்டு, பிழையை மட்டும் எழுதினவர் ரூமுக்குத் திருப்பி விட்டேன். இன்னைக்கு விவரம்கூட நான் தட்டலைங்க. சாரே சரிபார்த்து வெச்ச ஃபைல்லேர்ந்து நேரா உள்ள போயிருக்கு."

சேர்மன் போய்த் தாளைக் கிழித்து வந்தார். ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில், புரோகிராமில் எந்த வரி தவறு என்று எண் போட்டிருந்தது.

"ஏன்யா தணிகாசலம், இதுல பச்சையம்மா எங்க இருக்கா?"

தணிகாசலத்துக்கும் சேர்த்துப் பிரிண்டர்தான் பேசிக்கொண்டிருந்தது.