செவத்தையன் நனைத்த மூக்கு

ஆலங்காட்டுக் குளத்தின் நடுவே ஒரு முள்வேலி. கிழக்குக் கரை கரடி ராஜாவுக்கு, மேற்குக் கரை பன்றி ராஜாவுக்கு. இரண்டு பேருக்கும் சண்டை. எதற்கென்று கேட்டால் இரண்டு பேருக்குமே சரியாகச் சொல்லத் தெரியாது. ஆனாலும் சண்டை மும்முரமாக நடந்தது.

கிழக்குக் கரையின் சுகாதார அதிகாரி செவத்தையன் என்ற நரி. விடிந்ததும் எல்லாரும் பார்க்க அவர் முதலில் குடிப்பார். "நல்ல தண்ணீர்" என்பார். அப்புறம்தான் மற்றவர்கள் வாய் வைப்பார்கள். அது அந்தக் காட்டு வழக்கம்.

ஒரு நாள் கரடி ராஜா, செத்து அழுகிய மான் ஒன்றை வேலிக்கு அந்தப் பக்கத் தண்ணீரில் தள்ளச் சொன்னார். பன்றிப் படை குடித்துச் சாகட்டும் என்று திட்டம். எவ்வளவு பெரிய மூளை! தண்ணீர் வேலிக்குள் புகுந்து தன்பாட்டுக்கு இந்தப் பக்கமும் வந்துகொண்டிருந்தது. செவத்தையன் போய்ப் பக்குவமாக எடுத்துச் சொன்னார்.

"போர் நேரத்தில் தண்ணீர் கெட்டது என்பவன் எதிரியின் ஆள். நீ எப்படி?" என்று கேட்டார் ராஜா.

செவத்தையனுக்கு வேலை முக்கியம், தலை அதைவிட முக்கியம். மறுநாள் மூக்கை மட்டும் நனைத்துவிட்டு, "நல்ல தண்ணீர்" என்றார். எல்லாரும் குடித்தார்கள். அவர் வீட்டுக்கு மட்டும் பாறைக்குப் பின்னாலிருந்த ஊற்றிலிருந்து தேக்கிலையில் தண்ணீர் போயிற்று.

முயல்களுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. படைவீரர்கள் வரிசையாகப் படுத்தார்கள். வெயில் அதிகம் என்று அதிகாரி அறிவித்தார். எதிர்க்கரை அதிகாரியான முள்ளம்பன்றியும் மூக்கை மட்டுமே நனைப்பதைப் பார்த்து, தொழில் தெரிந்தவர் என்று செவத்தையன் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

ஒரு காலை, அப்பா வேலை செய்யும் அழகைப் பார்க்க மகள் பூவாலி பின்னாலேயே வந்துவிட்டாள். அவர் கவனிக்கவில்லை. வழக்கம்போல் சொல்லிவிட்டுத் திரும்பினால், அவள் வயிறு முட்டக் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயோ, அதை ஏன் குடிச்சே?"

"நீங்கதானேப்பா நல்ல தண்ணீர்னு சொன்னீங்க."

கரையில் இருந்த முயல்கள் அதிகாரியைப் பார்த்தன. அதிகாரி தரையைப் பார்த்தார்.

மாலைக்குள் பூவாலி துவண்டு விழுந்தாள். செவத்தையன் இரவெல்லாம் ஊற்றுத் தண்ணீரை அவள் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டார். மறுநாள் ராஜாவை வைத்துக்கொண்டே, "கெட்ட தண்ணீர். யாரும் குடிக்காதீர்கள். நான் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை" என்றார்.

"நானும்தான்" என்றார் வேலிக்கு அப்பால் முள்ளம்பன்றி.

செவத்தையனைப் பிடித்துக் கட்டச் சொன்னார் கரடி ராஜா. இரண்டு கரையிலும் எழுந்து நிற்கத் தெம்புள்ள வீரன் ஒருவனும் இல்லை. ஆகவே இரண்டு அதிகாரிகளும் சேர்ந்து வேலியைப் பிடுங்கி, மானை இழுத்துப் போட்டார்கள். ஊற்று இருக்கும் இடத்தையும் ஊருக்குச் சொன்னார்கள்.

பூவாலி பிழைத்தாள். பல முயல்கள் பிழைக்கவில்லை. இப்போதும் அப்பா தண்ணீர் கொடுத்தால், "முதலில் நீங்க குடிங்க" என்கிறாள். குடித்தபின், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறாள்.

தான் குடிக்கத் துணியாத தண்ணீரை ஊருக்கு நல்லது என்று சொல்பவன், தன்னை நம்பும் பிள்ளைக்கே நஞ்சு ஊட்டுகிறான்.