நிழல் வரைக்கும்

காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. கோடையில் மற்ற குளங்கள் எல்லாம் வற்றிவிட்டன. இந்த ஒன்றில் மட்டும் தண்ணீர் மிச்சம் இருந்தது. குளத்தின் மண்கரைக்குக் கீழே ஒரு புல்வெளி. புல்வெளிக்கும் கீழே ஒரு பள்ளம்.

பள்ளத்தில் காட்டுப்பன்றிகள் வசித்தன. ஈரம் இருந்தால் அங்கே கோரைக்கிழங்கு நன்றாக விளையும். அந்தக் கோடையில் பள்ளம் காய்ந்து வெடித்துக் கிடந்தது.

"கரையை உடைப்போம். தண்ணீர் பள்ளத்துக்கு வரட்டும்" என்றது தலைமைப் பன்றி.

"உடைத்தால் குளம் காலியாகிவிடும். மழை வரும்வரை நாங்கள் எதைக் குடிப்பது?" என்று மற்றப் பிராணிகள் கேட்டன.

"பள்ளத்துக்கு வந்து குடியுங்கள். நாங்களா வேண்டாம் என்கிறோம்?"

பன்றிகள் புரளும் சேற்றில் யார் போய் வாய் வைப்பார்கள்?

எல்லோரையும்விட அதிகம் பயந்தது ஒரு காடை. அதன் கூடு கரைக்கு நேர் கீழே, புல்வெளித் தரையில் இருந்தது. கூட்டில் முட்டைகள் இருந்தன. பொரிக்க இன்னும் நாள் ஆகும். காடையால் முட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போக முடியாது. கரை உடைந்தால் முதல் தண்ணீர் அந்தக் கூட்டின்மேல்தான் பாயும்.

பெரிய விஷயம் எதுவானாலும் எல்லோரையும் கேட்டே முடிவு செய்வது அந்தக் காட்டின் வழக்கம். குளத்துக்கு மேற்கே ஒரு பெரிய மருத மரம் உண்டு. அதன் அடியில் ஒரு பன்றி நுழையும் அளவுக்குப் பொந்து இருந்தது. பொந்துக்குள் இரண்டு குழிகள். ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு புங்கங்கொட்டை தருவார்கள். ஒவ்வொன்றாக உள்ளே போக வேண்டும். உடைக்கலாம் என்றால் இடது குழி, வேண்டாம் என்றால் வலது குழி. உள்ளே யார் எதில் போட்டார்கள் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது.

இதற்கு ஒரு சட்டமும் இருந்தது. மரத்தடியிலும், மரத்தின் நிழல் விழும் இடத்திலும் எந்த அணியின் குறியும் இருக்கக் கூடாது. முன்பு ஒரு தடவை நரிகள் வாலில் புல்லைச் சுற்றிக்கொண்டு கும்பலாக வந்து நின்றன. அதைப் பார்த்த எலிகள் கொட்டையைப் போடாமலே வீட்டுக்குப் போய்விட்டன. அதற்குப் பிறகு போட்ட சட்டம் இது.

சட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை அழுங்கிடம் இருந்தது. அழுங்கு என்பது உடம்பெல்லாம் செதில் உள்ள எறும்புதின்னி. மற்ற நாட்களில் பகலில் வெளியே வராத பிராணி. அதிகம் பேசாது. யாராவது அதட்டினால் பந்துபோல் சுருண்டுகொள்ளும். ஆனால் கொட்டைகளைத் தப்பாமல் எண்ணும். அதனால் அந்த வேலையை அதனிடம் கொடுத்திருந்தார்கள்.

அந்த நாள் வந்தது.

விடிந்ததுமே இருபத்தொரு பன்றிகளும் நெற்றியில் செம்மண்ணைப் பூசிக்கொண்டு வந்துவிட்டன. அதுதான் அவற்றின் அணிக்குக் குறி. கிழக்கிலிருந்து மரத்துக்கு வரும் ஒரே பாதையை மறித்து நின்றன. காலை வெயில் கிழக்கிலிருந்து அடித்ததால் மரத்தின் நிழல் மேற்கே விழுந்தது. பாதையில் நல்ல வெயில்.

அழுங்கு மெதுவாக அங்கே போனது.

"குறியோடு நிற்கக் கூடாது" என்றது.

"எங்கே நிற்கக் கூடாது?" என்றது தலைமைப் பன்றி.

"நிழலில்."

"குனிந்து பார். எங்கள் காலடியில் நிழல் இருக்கிறதா?"

அழுங்கு குனிந்து பார்த்தது. நிழல் இல்லை. "இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பியது. பன்றிகள் சிரித்தன.

முதலில் வந்தது ஒரு முயல். தலைமைப் பன்றி அதைக் கூப்பிட்டு நிறுத்தியது.

"வா தம்பி. நெற்றியைக் காட்டு."

முயல் காட்டியது. பன்றி அதில் செம்மண்ணை அப்பியது.

"இப்போது நீ நம்ம ஆள். போய்ப் போட்டுவிட்டு வா. ஆனால் திரும்பி வரும்போது இந்தச் செம்மண் நெற்றியில் இருக்க வேண்டும்."

"அங்கே அழிக்கச் சொல்வார்களே!"

"அழித்துவிட்டு வந்தால் நீ யார் பக்கம் என்று எங்களுக்குத் தெரிந்துபோகும். உன் வளை எங்கே இருக்கிறது என்றும் எங்களுக்குத் தெரியும்."

முயல் மரத்தையும் பார்த்தது, பன்றியையும் பார்த்தது. அழிக்காமல் கொட்டை போட முடியாது. அழித்துவிட்டால் திரும்பி வர முடியாது. அது மரத்துக்குப் போகாமல் பாதையோரப் புதரில் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்து வந்த அணிலும் அப்படியே செய்தது. முள்ளம்பன்றியும் மான்களும்கூட அப்படியே செய்தன. பன்றிகள் நினைத்ததும் இதுதான். மற்றவர்கள் போடாவிட்டால் இருபத்தொரு கொட்டையே போதும்.

பறவைகளைப் பன்றிகளால் மறிக்க முடியவில்லை. ஒரு கிளி பறந்து வந்து மரத்தடியில் இறங்கியது.

"அழுங்கு, அதன் மூக்கைப் பார். சிவப்பு. நிழலில் சிவப்பு கூடாதே" என்று பாதையிலிருந்து ஒரு பன்றி கத்தியது.

"கழற்றித் தரட்டுமா? திரும்பக் கொடுத்துவிடுவாயா?" என்றது கிளி.

"பிறவியில் வந்தது குறி ஆகாது. நாமாகப் போட்டுக்கொள்வதுதான் குறி. நீ உள்ளே போ" என்றது அழுங்கு.

அடுத்து காடை வந்தது. அதன் இறகில் ஓர் ஆவாரம்பூ செருகியிருந்தது. கரையை உடைக்க வேண்டாம் என்பவர்களுக்கு அதுதான் குறி.

"அக்கா, பூவை எடுத்துவிடு" என்றது அழுங்கு.

"இது பூ. சேறு இல்லை. இதைப் பார்த்து யார் பயப்படப் போகிறார்கள்?"

"பூவும் குறிதான்."

காடை புதர்ப் பக்கம் அலகை நீட்டியது. "புதரைப் பார். எல்லோரும் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தியாவது தைரியமாகப் பூவோடு நிற்கிறாள் என்று தெரிந்தால் அவர்களும் வருவார்கள். அதற்காகத்தான் வைத்துக்கொண்டு வந்தேன்."

"நீ நல்லதற்குத்தான் வைத்திருக்கிறாய். ஆனாலும் எடுக்க வேண்டும்."

"என் முட்டைகள் எங்கே இருக்கின்றன என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிந்துமா சொல்கிறாய்?"

அழுங்கு தரையைப் பார்த்துக்கொண்டு பேசியது. "உனக்கு விட்டுக்கொடுத்தால் அவர்களுக்கும் விட வேண்டும். செம்மண்ணோடு அவர்கள் பொந்து வாசலிலேயே வந்து நிற்பார்கள். என்னிடம் இரண்டு சட்டம் இல்லை, அக்கா."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த தலைமைப் பன்றிக்கு ஒரே சந்தோஷம். காடெல்லாம் கேட்கும்படி குரல் கொடுத்தது.

"சட்டம் தெரியாதா காடை? நிழல் எதுவரை இருக்கிறதோ அதுவரை குறி கூடாது. பூவானாலும் கூடாது. யாரானாலும் கூடாது. எடு அதை!"

காடை அலகால் பூவை உருவிக் கீழே போட்டது. உள்ளே போய்த் தன் கொட்டையைப் போட்டது. வெளியே வந்து, கோடை வெயிலில் முட்டைகள் ஆறாது என்ற தைரியத்தில், முடிவு தெரியும்வரை கூட்டுக்குத் திரும்ப மனமில்லாமல், மரத்தின் வேரில் உட்கார்ந்துகொண்டது.

உச்சி வேளை ஆனது. பறவைகளைத் தவிர யாரும் வரவில்லை. அழுங்கின் முன்னால் கொட்டைகள் குவிந்தபடியே கிடந்தன.

வெயில் மேற்கே சாய்ந்தது. மரத்தின் நிழல் இப்போது கிழக்குப் பக்கம் நகர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, பாதையில் நின்ற பன்றிகளின் கால்மேல் ஏறியது.

அழுங்கு எழுந்து பாதைக்குப் போனது.

"குறியோடு நிற்கக் கூடாது."

தலைமைப் பன்றி முறைத்தது. "காலையில்தானே பார்த்துவிட்டுப் போனாய்?"

"காலையில் வெயில் இருந்தது. இப்போது நிழல் இருக்கிறது."

"நாங்கள் இடம் மாறவில்லை. நிழல் வந்தால் நாங்களா பொறுப்பு? போடா வேலையைப் பார்த்துக்கொண்டு!"

அந்த அதட்டலில் அழுங்கு சுருண்டுவிட்டது. பன்றிகள் அதைக் காலால் உருட்டிப் பார்த்துச் சிரித்தன. புதரில் இருந்தவர்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

சிரிப்பு ஓய்ந்தது. செதில் பந்து மெல்ல விரிந்தது. அழுங்கு மூக்கில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலில் நின்ற இடத்திலேயே வந்து நின்றது.

"குறியோடு நிற்கக் கூடாது" என்றது மறுபடியும்.

காடை பறந்து வந்து அழுங்கின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"நிழல் எதுவரை இருக்கிறதோ அதுவரை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? யாரானாலும் கூடாது என்றும் சொன்னீர்கள். நான் எடுத்துவிட்டேன்."

தலைமைப் பன்றி சுற்றிலும் பார்த்தது. காலையில் அது போட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டிருந்தது. இனி அதை மறுக்க முடியாது.

"பின்னால் போங்கள். வெயிலில் நிற்போம்" என்றது தன் கூட்டத்திடம்.

பன்றிகள் பின்னால் நகர்ந்தன. நிழலும் நகர்ந்தது. மறுபடி நகர்ந்தன. நிழல் பாதை முழுவதும் படர்ந்து புதரையும் தாண்டிவிட்டது. இன்னும் பின்னால் போனால் பள்ளத்தில்தான் இறங்க வேண்டும். பொழுதோ சாயப் போகிறது. பொழுது சாய்ந்துவிட்டால் கொட்டை கிடையாது.

"தலைவரே, நாம் இன்னும் போடவில்லையே" என்றது ஒரு கிழட்டுப் பன்றி.

வேறு வழி இல்லை. தலைமைப் பன்றி மருத மரத்தில் நெற்றியைத் தேய்த்தது. காய்ந்த செம்மண் உதிர்ந்தது. மற்றப் பன்றிகளும் வரிசையாக வந்து தேய்த்தன.

புதரிலிருந்து முயல் எட்டிப் பார்த்தது.

"அண்ணே, அவர்கள் நெற்றியில் ஒன்றும் இல்லை" என்று முள்ளம்பன்றியிடம் சொன்னது.

"அதற்கென்ன?"

"நெற்றியில் செம்மண் இல்லை என்று என்னை இனி எப்படி அடிப்பார்கள்? அவர்களுக்கே இல்லையே."

முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. "அடேய், காலையிலிருந்து முள்ளை வைத்துக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். நீதான் யோசித்திருக்கிறாய். நட" என்றது.

முயல் புல்லில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வரிசைக்கு வந்தது. அணில் வந்தது. மான்கள் வந்தன. பன்றிக்குப் பின்னால் முயல், முயலுக்குப் பின்னால் பன்றி என்று வரிசை கலந்து நின்றது. பக்கத்தில் நிற்பவர் எந்த அணி என்று பார்த்தால் தெரியவில்லை. யாரும் யாரிடமும் கேட்கவும் இல்லை. ஒவ்வொன்றாக உள்ளே போய், ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசியாக அழுங்கு தன் கொட்டையைப் போட்டது.

பொழுது சாய்ந்தது. எல்லோரும் பார்க்க, முள்ளம்பன்றியும் கிழட்டுப் பன்றியும் கொட்டைகளை வெளியே எடுத்து வைத்தன. அழுங்கு ஒரு தடவை எண்ணியது. மறுபடி ஒரு தடவை எண்ணியது.

"மொத்தம் ஐம்பத்தெட்டு. வேண்டாம் என்பது நாற்பத்தொன்று. உடைக்கலாம் என்பது பதினேழு. கரை உடையாது."

மான்கள் பெருமூச்சு விட்டன. காடை அந்தச் சொல்லைக் கேட்டதும் பறந்துவிட்டது. வெயில் போய்விட்டது; முட்டைகள் ஆறுவதற்குள் அது கூட்டுக்குப் போக வேண்டும்.

தலைமைப் பன்றி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

"பதினேழா? தப்பு. எங்கள் கூட்டமே இருபத்தொன்று."

அழுங்கு மூன்றாவது தடவையாக எண்ணிக் காட்டியது. பதினேழுதான்.

தலைமைப் பன்றி திரும்பித் தன் கூட்டத்தைப் பார்த்தது. காலையில் எல்லா நெற்றியிலும் ஒரே சிவப்பாக இருந்தது. இப்போது எல்லா நெற்றியும் ஒரே கறுப்பாக இருந்தது. இதில் யார் அந்த நாலு பேர்? ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. பன்றிகள் தரையைப் பார்த்தன. அவற்றின் குட்டிகளும் அந்தக் குளத்தில்தான் தண்ணீர் குடித்து வந்தன. அதைத் தலைவனிடம் சொல்லும் தைரியம் எந்தப் பன்றிக்கும் இதுவரை வந்ததில்லை.

"வீட்டுக்குப் போகலாம்" என்றது தலைமைப் பன்றி கடைசியில். குரல் தணிந்திருந்தது.

வாக்களிக்கும் இடத்தில் கட்சிக் குறி இருந்தால் அங்கே பயம்தான் பதில் சொல்லும். குறி இல்லாமல் எல்லோரும் ஒன்றுபோல் நின்றால்தான் அவரவர் மனம் பதில் சொல்லும்.